ஏழில் இரண்டு

எங்கள் குழுவில் அவனுக்குப் பாம்புக்காது என்று பேர். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டத்தை அவனே தனக்குச் சூட்டிக்கொண்டு, நாங்கள் சூட்டியதாகச் சொல்லிவந்தான். பக்கத்துத் தெருவில் டம்ளர் விழுந்தால் அது எந்தச் சுரத்தில் விழுந்தது என்று சொல்லிவிடுவான். போய்ச் சரிபார்க்க யாருக்கும் நேரமில்லாததால் பட்டம் நிலைத்துவிட்டது.

நாங்கள் ஐந்து பேர். வரவேற்பு மண்டபங்களில், விருந்தாளிகள் தட்டும் கையுமாக நிற்கும்போது மூலையில் வாசிப்பவர்கள். கீபோர்டுக்காரர்தான் தலைவர். கார்டில் ‘இசை இயக்குநர்’ என்று போட்டிருக்கிறார். இதுவரை அவர் இயக்கியது வேன் டிரைவரை மட்டும்தான், அந்த ஆளும் பாதி நாள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வயலின்காரர் தபால் இலாகாவில் ஓய்வுபெற்றவர். டிரம்ஸ் நான். லீட் கிட்டார் பாம்புக்காது.

பகலில் அவன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டு எந்திரம் ஓட்டுகிறான். இருபத்திரண்டு வருஷமாக அதே எந்திரம். காதில் செருகிக்கொள்ளக் கம்பெனியே அடைப்பான் கொடுக்கிறது. இவன் தொட்டதில்லை. “பாட்டுக்காரன் காதை அடைக்கலாமாடா? மெஷினுக்கும் ஒரு தாளம் இருக்கு. கேக்கக் கேக்கத்தான் ஞானம் வரும்” என்பான். எந்திரத்திடம் ஞானம் வாங்கிய முதல் ஆள் இவன்தான்.

நிகழ்ச்சிக்கு முன்னால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாருடைய வாத்தியத்துக்கும் சுதி சேர்ப்பது பாம்புக்காதுதான். கருவி எதுவும் வைத்துக்கொள்ள மாட்டான். கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, முடுக்காணியைத் திருகி, கொடுத்துவிடுவான். ஒரு தடவை தலைவரின் கீபோர்டே அரை இழை இறங்கியிருக்கிறது என்றான். அதற்கப்புறம்தான் பேஸ்காரரும் வயலின்காரரும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டே கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருவர் வந்ததும் அடுத்தவர்.

“மேடை பயம்” என்பான் பாம்புக்காது, பரிதாபமாக. “இத்தனை வருஷமாச்சு, இன்னும் வயிறு கலக்குது பாரு.”

உள்ளே போய் அவர்கள் செய்தது என்னவென்று எனக்குத் தெரியும். விரல் நீளத்துக்கு ஒரு ட்யூனர் இருக்கிறது, வாத்தியத்தின் தலையில் கவ்வவைத்தால் சுதி சரியானதும் பச்சை விளக்கு எரியும். ஆளுக்கொன்று சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். அவன் சேர்த்த சுதியைக் கலைத்து, சரியான சுதி வைத்துக்கொண்டு வருவார்கள். அவனுடைய கிட்டாரை மட்டும் யாரும் தொட முடியாது. அதற்குத் தலைவர் வேறு வழி பார்த்தார்: மிக்ஸரில் அவன் சத்தத்தை மாதத்துக்கு ஒரு மயிரிழை குறைத்துக்கொண்டே வந்தார். எனக்குச் சுதி சேர்க்க ஒன்றுமில்லை. ஆகவே மனசாட்சிக்கும் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

அவனுக்கென்று ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இரண்டு நிமிஷம் தனி வாசிப்பு உண்டு. அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் மீதி வாரம் அட்டை வெட்டினான். ஒருநாள் தலைவரிடம், “என் சோலோ ஹால்ல பரவ மாட்டேங்குதே?” என்று கேட்டான். மிக்ஸரின் மேல் கையை வைத்தபடியே தலைவர் யோசித்தார். “உன்கிட்ட டிலே இல்லப்பா. இந்தக் காலத்துல டிலே இல்லாத கிட்டார் உப்பில்லாத பண்டம். அடுத்த மாச விருந்துக்குள்ள ஒரு பெடல் வாங்கிடு. இல்லன்னா அந்த சோலோவ நானே கீபோர்டுல போட்டுடறேன்” என்றார். கடைசி வாக்கியம் சீக்கிரமாக வந்தது. வெகுநாளாக வாயில் வைத்திருந்திருப்பார்.

டிலே பெடல் என்பது காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. கிட்டாரில் ஒரு சுரம் தட்டினால் அதையே திருப்பிச் சொல்லும், திருப்பிச் சொல்லி, தேய்ந்து, அடங்கும். விலை ஆயிரத்திலிருந்து ஆகாசம் வரை. ஓவர்டைம் பார்த்ததில் பாம்புக்காதிடம் எட்டாயிரம் இருந்தது. மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தான். நாற்பது வீடியோ பார்த்தான். எல்லாவற்றிலும் ஒரு தாடிக்காரர் கண்ணை மூடி ஒரே சுரத்தைத் தட்டி, “என்ன ஒரு ஈரம்” என்கிறார். அதே பெட்டியை இன்னொரு தாடிக்காரர் “வறட்சி” என்கிறார். இவன் இரண்டு பேரையும் ஒப்புக்கொண்டான்.

பழைய வாத்தியங்கள் விற்கிற கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஆள் ஒருக்களித்து நுழைகிற கடை. கடைக்காரர் ஒரு நீலப் பெட்டியைச் செருகிக் கொடுத்தார். இவன் ஒரு சுரம் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“ரெண்டு தடவைதான் சொல்லுது. ரெண்டோட நின்னுடுது.”

கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார். “சார், நல்லாக் கேளுங்க.”

“என்கிட்டயா சொல்றீங்க கேக்கச் சொல்லி?” என்று என் பக்கம் திரும்பினான். “நீ சொல்லுடா.”

நான் எண்ணியிருந்தேன். ஏழு. ஏழாவது மெலிசாக, ஆனால் தெளிவாக வந்து அடங்கியது. விலையைக் குறைக்க ஒரு குற்றம் கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். வயசான காலத்தில் இவனுக்கும் சாமர்த்தியம் வந்ததே என்று மெச்சிக்கொண்டேன்.

“ரெண்டுதான்” என்றேன்.

கடைக்காரரும் அப்படியே நினைத்திருப்பார். “சரி, ஐந்நூறு கொறைச்சுக்கறேன்.”

“பழுதான சாமானத் தள்ளுபடியில வாங்கற ஆளில்ல நான்” என்று எழுந்துவிட்டான். அப்போதுதான் இது பேரமில்லை என்று எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் பச்சைப் பெட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய், மூன்றாம் நாள் திருப்பிக்கொண்டு வந்தான். அதுவும் இரண்டோடு நிற்கிறதாம். இந்தக் காலத்துத் தயாரிப்பே மட்டம், உள்ளே போடுகிற சில்லு சரியில்லை என்று பத்து நிமிஷம் விளக்கினான். கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய மாண்டலினின் விலைச் சீட்டைப் படித்தேன். படித்ததையே மறுபடி படித்தேன்.

மூன்றாம் தடவை அவன் மனைவியும் வந்தாள். பக்கத்துத் தெருவில் துணி துவைக்கிற மெஷினைப் பழுதுபார்க்கிற ஆளைப் பார்க்க வேண்டுமாம்.

“வேலை முடிஞ்சா பீப் பீப்னு கத்துமில்லண்ணா, அது கத்தறதே இல்லைங்கறார் இவர்” என்றாள் என்னிடம். “எனக்கென்னவோ கத்தற மாதிரிதான் இருக்கு. துணி எடுத்துக் காயப்போடறதுக்குப் பயந்துக்கிட்டு சொல்றாரோன்னு.”

“கத்தல. எனக்குக் கேக்காததா உனக்குக் கேக்கப்போகுது?” என்றான் அவன்.

கடைக்காரர் நீலப் பெட்டியையே மறுபடி செருகினார். அவள் முக்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். இவன் தட்டினான்.

“பார்த்தியா? ரெண்டு.”

அவள் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். பாட்டுப் பரிச்சயம் இல்லாதவள். எண்ணச் சொன்னதாக நினைத்து ஒழுங்காக எண்ணியிருக்கிறாள். “ஏழுங்க” என்றாள்.

“என்ன ஏழு?”

“ஏழு தடவை சொல்லிச்சு. இன்னொரு வாட்டி தட்டுங்க.”

தட்டினான். அவள் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஒன்று, இரண்டு. அதற்கப்புறம் அவன் அவள் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது விரல் மடங்கியது. நான்கு. ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனாள். ஏழில் நின்றாள்.

கடைக்காரர்தான் முதலில் பேசினார். “இல்ல சார், நீங்க சொன்னதுதான். இது பழசு, கொஞ்சம் பழுதுதான்” என்று பெட்டியைத் துணியால் துடைத்தார்.

“நீயும் ரெண்டுன்னுதானடா சொன்ன?” என்றான் என்னிடம்.

இருபது வருஷமாக அவன் பெருமையை ஊசியால் குத்திக் காற்றைப் பிடுங்குவதே என் பொழுதுபோக்கு. அன்றைக்குக் குத்த ஒன்றுமே இல்லை.

“ஓ” என்றான். கிட்டாரை மடியில் படுக்கவைத்தான். அவள் எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். “மெஷின் கத்துதா அப்போ?” என்று கேட்டான் அவளிடம்.

“கத்துதுங்க.”

“எத்தனை நாளா?”

“அது வாங்கின நாள்லேருந்தே கத்துது.”

பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காட்டினான். கடையிலேயே மலிவான டிலே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. “இத ரெண்டு தடவையோட நிறுத்தி வைக்க முடியுமா?”

“ஒரு குமிழ் இருக்கு சார், திருகினா நின்னுடும்.”

“இது போதும். எனக்குக் கேக்கற வரைக்கும் சொன்னாப் போதும் அது.”

இரண்டாயிரத்துச் சொச்சம்தான். மீதியை அவளிடம் கொடுத்தான், காது டாக்டருக்கு. டாக்டர் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். கோடு நன்றாகக் கிளம்பி, பாதியில் மாடிப்படியிலிருந்து விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. மேல்சுரங்களைக் கேட்கிற சக்தி போய்விட்டது, திரும்பாது என்றார். அடைப்பான் வைத்துக்கொண்டிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும் சொன்னாராம். அதை அவள்தான் என்னிடம் சொன்னாள். அவன் சொல்லவில்லை.

விருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டுவிழா. சாயங்காலம் நான்கு மணிக்கே சாமான்களை இறக்கிவிட்டோம். பேஸ்காரர் வழக்கம்போல் கிட்டாரை நீட்டினார். பாம்புக்காது வாங்கவில்லை.

“பையில இருக்கறத எடுங்க.”

“எதுப்பா?”

“கக்கூஸுக்குக் கொண்டு போறீங்களே, அது.”

நான் சொல்லவில்லை, டாக்டரின் கோட்டைப் பார்த்து மீதியை அவனே கணக்குப் போட்டிருக்கிறான். பேஸ்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஒயர்களைப் பிரித்தார், சிக்கே இல்லாத ஒயர்களை. வயலின்காரர்தான் முதலில் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். தபால்காரர் அல்லவா, உரியவரிடம் சேர்த்துவிட்டார். பாம்புக்காது அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கிட்டாரோடு சேர்த்து அவரிடமே நீட்டினான்.

“எனக்கும் வச்சுக் குடுங்க. எவ்வளவு இறங்கியிருக்குன்னு சொல்ல வேணாம்.”

வயலின்காரர் சொல்லவில்லை. ஆனால் முடுக்காணியை அவர் எவ்வளவு நேரம் திருகினார் என்பதிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பெடல் வாங்கிட்ட போலிருக்கே. எக்கோ நல்லா நீளமா வை. விண்வெளி மாதிரி இருக்கணும்.”

“ரெண்டு” என்றான் அவன். “ரெண்டுக்கு மேல வேணும்னா நீங்க கீபோர்டுல வாசிச்சுக்குங்க. என் சத்தத்தக் கொறைச்சதுல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குமே, அதையும் கொறைச்சுக்குங்க.”

தலைவர் மிக்ஸர் பக்கம் போனார். கூட்டினாரா குறைத்தாரா என்று நான் பார்க்கவில்லை.

தனி வாசிப்பு வந்தது. ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கீழ்த் தந்திகளிலேயே, மெதுவாக வாசித்தான். மேலே போகவே இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் அந்தத் தீப்பெட்டி இரண்டு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. மீதி ஐந்தை நான் பழக்கதோஷத்தில் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் என் சிம்பல் தட்டின் பித்தளைச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று வாராவாரம் சண்டைக்கு வருவான். ஒரு வருஷமாக வருவதில்லை. நான் தேறிவிட்டேன் என்று நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவன் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே நின்றபோது, குச்சியின் நுனியால் சின்ன சிம்பலின் ஓரத்தைத் தட்டினேன். அவனுக்குப் பிடிக்காத இடம், பிடிக்காத சத்தம். முன் வரிசையில் ஒரு அம்மாள் கரண்டியை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

என் பக்கம் முதுகைக் காட்டி நின்றவன் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.