பெயர் வெட்டிய அண்டா

என் மகளின் கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த சில்வர் அண்டா, பத்து வருஷமாக மலேசியாவில் எங்கள் ஈப்போ வீட்டுச் சமையலறையை அடைத்துக்கொண்டிருந்தது. பழைய சாமான் கடைக்கு அதைத் தூக்கிப் போனால் ஊரே பார்க்கும். அன்பளிப்பை விற்ற குடும்பம் என்ற பேச்சு எங்களுக்கு வேண்டாம். அதனால் இணையத்தில் படத்தோடு இலவச விளம்பரம் போட்டேன். செலவில்லை, பெயரும் சொல்ல வேண்டாம், புதிய தொலைபேசி எண் ஒன்று போதும்.

பத்தே நிமிடத்தில் அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. அந்த அண்டாவைக் கொடுத்தவனே அவன்தான், தாப்பாவில் இருக்கும் என் மனைவியின் தம்பி பத்துமலை. நான் குரலை மாற்றி மலாய் மொழியில் பேசினேன்.

"மலாய்லாம் வேணாம் மச்சான், நீங்கதான்னு தெரியும் லா. படத்துல என் பேரு பளபளன்னு தெரியுது."

"அது... உங்க அக்காதான் போடச் சொன்னா."

"நல்லதாப் போச்சு, வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. அடுத்த வாரம் கோப்பெங்ல ஒரு கல்யாணம். புதுசு வாங்கினா திரும்பப் பேரு வெட்டணும். இதுல ஏற்கெனவே வெட்டியிருக்குல்ல?"

மறுநாள் வந்தான். விளம்பரத்தில் போட்ட விலையை நான் குறைக்கவில்லை. ஆனால் வெற்றிலை பாக்கு வைத்து, இரண்டு கையாலும்தான் கொடுத்தேன். எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.