மீண்டவர்களின் கடைசி வரி

“அப்புறம்? அந்தாளுக்கு எப்பத்தான் தூக்கம் வந்துச்சாமா?”

“இருங்கப்பா, படிக்கறேன். இவரும் ரெண்டு வருசம் பட்டிருக்காருங்க. தலகாணிக்கு அடியில ரேடியோவ வச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு.”

“நம்மள மாதிரியேதான்.” சென்றாயனின் முகம் விரிந்தது. “என்ன வேலைன்னு சொன்ன?”

“படகு எஞ்சின் ரிப்பேருங்க. போர்ச்சுகல்ல ஒரு கடற்கரை ஊரு. பேரு ஜோக்கிம்.”

“எஞ்சினா? அப்ப இவருக்குக் காது போனதுல நாயம் இருக்குது. அன்னிக்கு ஒரு டீச்சரம்மா, பனி பேயற ஊர்க்காரம்மா, அவுங்களுக்குத்தான் எனக்கு வெளங்கல. பள்ளிக்கூடத்துல அப்படி என்ன சத்தம்?”

“உங்க மக படிச்ச பள்ளிக்கூடத்த நெனச்சுப் பாருங்க, தன்னால வெளங்கும்” என்றாள் மாரக்காள், அடுப்படியிலிருந்து.

அபிநயா சிரித்தாள். கையிலிருந்த செல்போனில் ஜோக்கிம் எழுதியது விரலால் இன்னும் இரண்டு தரம் தள்ளுகிற அளவுக்கு மிச்சமிருந்தது.

எடப்பாடியில் அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு ஓடுகிற விசைத்தறிகள் ஒரே மூச்சில் நின்றுபோக, ஊர் சட்டென்று வேறு ஊராகிவிடும். சுவர் அதிராது. தண்ணீர்க்குடத்தின் மேல் கவிழ்த்த டம்ளர் கிணுகிணுக்காது. பக்கத்துத் தெருவில் யாரோ பாத்திரம் தேய்ப்பது கேட்கும். மற்றவர்கள் அந்தப் பகலில் பாயை விரித்துப் படுத்து அப்படியே தூங்கிப்போவார்கள். சென்றாயனுக்கு மாதத்திலேயே கொடிய நாள் அதுதான். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அந்தச் சீறல் அவர் காதுக்குள் எப்போதும் இருந்தது. விசிலும் வருவதில்லை, அடங்குவதுமில்லை. மீசை முளைத்ததிலிருந்து தறியில் நின்றவர். தறிக்குப் பக்கத்தில் நிற்கும்வரை அந்தச் சீறல் தறிச் சத்தத்துக்குள் புதைந்து கிடந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் எழுந்துகொள்ளும். சேலத்தில் காது டாக்டர், தறியை விட்டால்தான் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியாவது தங்கும் என்று சொன்னார். தறியை விட்டால் சத்தமும் போய்விடும் என்று சென்றாயன் எடுத்துக்கொண்டார். விட்டார். சத்தம் போகவில்லை. அதை மறைத்து வைத்திருந்த தறிச் சத்தமும் போனதுதான் மிச்சம்.

ஆடியில் கால்வாயில் தண்ணீர் விட்டபோது அவர் காலையில் கிளம்பிப் போய் மதகடியில் உட்கார ஆரம்பித்தார். மதகிலிருந்து தண்ணீர் விழுந்து இரைகிற இடம். மத்தியானச் சோற்றுக்கு வராமல் போகவே மாரக்காள் தேடிக்கொண்டு போனாள். “இங்க உக்காந்தா அது கேக்கறதில்ல, மாரக்கா” என்றார். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் உள்ள போயிட்டா சுத்தமாவே கேக்காதாட்டம் இருக்குது” என்றார். மாரக்காள் அவர் கையைப் பிடித்த பிடியை வீட்டு வாசல் வரைக்கும் விடவில்லை.

அந்தச் சாயங்காலம்தான் அபிநயா செல்போனில் தேடி ஓர் இணையக் குழுவைக் கண்டுபிடித்தாள். காதுக்குள் சத்தம் கேட்கிறவர்கள் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிற இடம். அதில் மீண்டு வந்தவர்களின் கதைகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. மூன்று வருடம் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டிலிருந்தவளுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்ததுபோல் இருந்தது. அப்பாவை உட்காரவைத்து அந்த டீச்சரம்மாவின் கதையைத் தமிழில் சொல்லச் சொல்ல, மாதக்கணக்கில் பார்க்காத ஒரு முகம் அவருக்குத் திரும்பி வந்தது. ‘அப்படியா’, ‘அட’ என்று முன்னால் குனிந்து குனிந்து கேட்டார். கதையின் கடைசிப் பத்தியில் டீச்சரம்மா, சத்தம் இப்போதும் இருக்கிறது, அதைக் கவனிப்பதைத்தான் விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாள். அபிநயா அந்தப் பத்தியைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “அவ்வளவுதானுங்கப்பா. சத்தம் போயிடுச்சாம்” என்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் வந்த கதை ஒவ்வொன்றிலும் கடைசியில் அந்த மாதிரி ஒரு வரி இருந்தது. இல்லாத கதை ஏதாவது இருக்காதா என்று அவள் தேடாத நாளில்லை. மீண்டவர்கள் எல்லோரும் சத்தத்தோடுதான் மீண்டிருந்தார்கள்.

சென்றாயன் கதை கேட்பதோடு நிறுத்தவில்லை. கேட்ட கதைக்கெல்லாம் பதில் போடச் சொன்னார். “நல்லா இருங்க சாமி. உங்களுக்குச் சத்தம் போனதுல இங்க நாங்க மூணு பேரும் சந்தோசமா இருக்கறோம். அது போன அன்னிக்கு என்ன சாப்ட்டீங்க?” இதை அப்படியே எழுத முடியாது. எழுதினால், போகவில்லையே என்று அவர்கள் பதில் போடுவார்கள். “உங்கள் கதை எங்களுக்குத் தெம்பு தருகிறது” என்று மட்டும் அபிநயா எழுதுவாள். அவர்கள் அனுப்புகிற நன்றியோடு, சாப்பாட்டு விஷயத்தைத் தன் பங்குக்குச் சேர்த்து அப்பாவிடம் சொல்வாள். டீச்சரம்மா புளியை விட்டுவிட்டாள் என்று ஒருநாள் வாயில் வந்ததைச் சொல்லப்போக, மறுநாளிலிருந்து வீட்டில் புளி நின்றது. ரசம் இல்லை, குழம்பு இல்லை. “பனி பேயற ஊருல அந்தம்மாவுக்குப் புளி எங்கிருந்து வந்துச்சோ, எங்க நாக்கு செத்துப்போச்சு” என்று மாரக்காள் திட்டிக்கொண்டே தக்காளியைக் கரைத்தாள். அவரோ வந்து போகிறவர்களிடமெல்லாம், தை பொறக்கறதுக்குள்ள தனக்கும் சரியாகிவிடும் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். போன வாரம் சம்பந்தமில்லாமல், “சத்தம் போனதும் மொத ராத்திரி நான் மொட்ட மாடியிலதான் படுப்பேன்” என்றார்.

“அட, சொல்லு சாமி. ரேடியோவ வச்சுப் படுத்தாரு. அப்புறம்?”

“அப்புறம் தக்காளிச் செடி வச்சாருங்க. கத்தரி வச்சாரு. காலைல வாசப்படியில உக்காந்து காப்பி குடிக்கறாராம், கடலப் பார்த்துக்கிட்டு. பேத்தி வந்தா ஊஞ்சல் ஆட்டி உடறாராம். ராத்திரி படுத்தா விடியத்தான் முழிக்கறாராம்.”

“விடியத்தானா!” சென்றாயன் மாரக்காளைத் தேடித் தலையைத் திருப்பினார். “கேட்டியா? விடியத்தான் முழிக்கறாராமா.”

“கேட்டனுங்க, கேட்டனுங்க.”

அபிநயா திரையைத் தள்ளினாள். கடைசிப் பத்தி வந்தது. சத்தம் என்னை விட்டுப் போகவில்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது, சாகிறவரைக்கும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்று ஜோக்கிம் எழுதியிருந்தார். அவள் எதையும் முதலில் உதட்டுக்குள் தமிழாக்கிப் பார்த்துக்கொண்டுதான் வெளியே சொல்வாள். கல்லூரியில் வந்த பழக்கம். இப்போதும் உதடு தன்பாட்டில் அசைந்தது. ‘போகலையாம். சாகற வரைக்கும் இருக்குமாம்.’ மூச்சுக்கூட வெளியே வரவில்லை. பிறகு நிமிர்ந்து, எப்போதும் சொல்கிற குரலில் சொன்னாள்.

“அவ்வளவுதானுங்கப்பா. இவருக்கும் சுத்தமாப் போயிடுச்சாம்.”

மற்ற நாளில் செல்போனையே பார்த்துக்கொண்டு கேட்கிற அப்பா, இன்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தறி ஓடுகிற இடத்தில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. தறிப் பட்டறைக்காரர்கள் வாயசைவைப் பார்த்தே சண்டை போடுவார்கள், கல்யாணம் பேசுவார்கள், கேலி செய்வார்கள். நாலு தறி தாண்டி நிற்கிற ஆள் முனகினதைக்கூட அப்பா சொல்லிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மகளின் வாயையா விட்டிருப்பார்?

“பதில் எழுதலாமுங்களாப்பா?” என்றாள்.

“எழுதலாம்.” அவர் நிதானமாகத்தான் சொன்னார். “ஒதட்டுல ஒண்ணு வந்துச்சு, கொரல்ல ஒண்ணு வந்துச்சு. ரெண்டுல எதுக்குச் சாமி பதில் எழுதறது?”

மாரக்காள் கரண்டியோடு நிலைப்படிக்கு வந்துவிட்டாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னுங்க? என்னடி சொன்ன அவருகிட்ட?”

சென்றாயன் மகள் பக்கமே திரும்பியிருந்தார்.

“அந்த டீச்சரம்மாவுக்கு?” என்று கேட்டார் சென்றாயன்.

அபிநயா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேக்கரிக்காரரு ஒருத்தரு. பிடில் வாசிக்கற பையன். அந்தப் பையனுக்குமா?”

“அப்பா, அவங்க எல்லாரும் நல்லாத்தானுங்க இருக்காங்க. தூங்கறாங்க, வேலைக்குப் போறாங்க. அது பொய் இல்லீங்க. அது பெருசாத் தெரியறதில்லைங்கறாங்க, நாள் ஆக ஆக—”

“நான் அதக் கேக்கல கண்ணு.”

அவர் கோபப்பட்டிருந்தால் அவளால் அழுதிருக்க முடியும். எழுந்து வெளியே போயிருந்தால் அம்மாவும் அவளும் பின்னாலேயே ஓடியிருப்பார்கள், அதற்காவது என்ன செய்வதென்று தெரியும். அவர் எங்கும் போகவில்லை. வலது கையால் காதை ஒருமுறை பொத்தி எடுத்தார். பொத்தினாலும் எடுத்தாலும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் செய்தார். தெருவில் ஒரு சைக்கிள் போனது. அதன் செயின் உராய்வது அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது.

“அவளத் திட்டாதீங்க” என்றாள் மாரக்காள், யாரும் திட்டாதபோது. “சின்னப் புள்ள. உங்களுக்காகத்தான் எதையோ...” பிறகு மெதுவாக, “அப்ப அந்தப் புளியும்?” என்று மகளிடம் கேட்டாள்.

அபிநயா தலையசைத்தாள்.

சென்றாயன் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் மகளின் முகத்தில் படுகிற மாதிரி அவளுக்கு நேர் எதிரே போட்டார். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற அளவுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தறியில் இழை அறுந்த இடத்தைத் தேடுகிறபோது வருகிற கவனம் அவர் கண்ணில் இருந்தது. அது அவளுடைய உதட்டின் மேல் நின்றது.

“மொதல்ல இருந்து எடு சாமி” என்றார். “கதையெல்லாம் வேண்டாம். ஒவ்வொருத்தருக்கும் நீ படிக்காம உட்டியே, அந்தக் கடேசி வரி. அத மட்டும் ஒவ்வொண்ணாப் படி.”