ஒரு சாண் வால்

“உன்ன கயித்துல கட்டி மாடியிலேந்து எறக்குனா வருவியா?”

கல்யாணமான புதிதில் மயில்வாகனம் கேட்ட கேள்வி. “ஆள விடுங்கப்பா” என்று சொல்லிவிட்டு சங்கரி தறிப்பள்ளத்தில் இறங்கிவிட்டாள்.

இப்போது பிள்ளையார்பாளையத்துப் பள்ளிக்கூட மொட்டைமாடியில், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் அவளேதான் நின்றுகொண்டிருந்தாள். தீயணைப்புத் துறையின் தீத்தொண்டு வாரத்து ஒத்திகை. கயிற்றில் இறங்க ஒப்புக்கொண்டிருந்த டீச்சர், கீழே எட்டிப் பார்த்ததும் தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். “வேற யாராவது?” என்று நிலைய அலுவலர் வரதராஜன் கேட்டபோது, நாலு பேர் முன்னால் தலை நிமிராத சங்கரியின் கை எப்படியோ மேலே போயிருந்தது.

மயில்வாகனம் எட்டு வருஷம் பட்டு நெய்துவிட்டுத் தீயணைப்பில் சேர்ந்தவன். ஏணி ஏறுவதிலும் ஆளைத் தோளில் தூக்கி ஓடுவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. முடிச்சில்தான் சறுக்கல். தறியில் இழை அறுந்தால், முடிந்து, மிஞ்சும் நுனியான வாலை ஒட்டக் கிள்ளிவிட வேண்டும்; விட்டால் பக்கத்து இழையையும் அறுத்துவிடும். பழகிய விரல்கள் கயிற்றிலும் வாலைக் குட்டையாகவே விட்டன. ஆள் தொங்கும் கயிற்றில் வால் குட்டையானால் முடிச்சு உருவிக்கொள்ளும். பயிற்சியில் இரண்டு தடவை தவறிவிட்டு வந்து சங்கரியிடம் புலம்பியிருந்தான். இன்றும் தவறினால் மீட்புக் குழுவில் இடமில்லை, டெலிபோன் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

“முடிச்சு ஆனதும் கூப்பிடு. நான் பார்த்தப்புறம்தான் எறக்கணும்” என்று சொல்லிவிட்டு, வரதராஜன் கயிற்றின் மறுமுனையைச் சோதிக்கப் போனார்.

மயில்வாகனம் அவள் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டு இறுக்கினான். வால் இரண்டு விரற்கடை.

“சார்” என்று வாயெடுத்தவனின் சட்டையை சங்கரி இழுத்தாள்.

“இன்னாங்க, நான் இன்னா புடவையா? இப்பிடி ஒட்டக் கிள்ளிக்கினு இருக்கீங்க.”

குனிந்து பார்த்தவன் முகம் வெளிறியது. மளமளவென்று அவிழ்த்து மறுபடி போட்டான். சங்கரி கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வாலை அளந்தாள். ஒரு சாண்.

“இன்னும் கொஞ்சம் வேணும்னாலும் வுடுங்க. என் உசுருக்கா கஞ்சத்தனம்?”

வரதராஜன் வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். “எறக்கு” என்றார்.

பாதி வழிவரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது மேலே வியர்த்து வழியும் அவன் முகம் மட்டும்தான் தெரிந்தது. கால் தரையைத் தொட்டதும் பிள்ளைகள் கைதட்ட, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் கீழே வந்து சேர்வதற்குள் அழைப்பு வந்துவிட்டது. ஓரிக்கையில் கிணற்றில் மாடு விழுந்துவிட்டதாம்.

“மயிலு, கயித்த எடுத்துக்க” என்றார் வரதராஜன். “நீதான் கட்டப் போற.”

“வரேம்மா” என்று அவளிடம் சொல்லாமல் வாசல் தாண்டாதவன் அவன். இன்று அதற்கு நேரமில்லை. வண்டி நகர்ந்தது. கயிற்றுச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தவன், கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினான்.