மேற்படி

சிற்றாற்றில் தண்ணீர் எவ்வளவு என்று தினமும் காலையில் பார்த்து, நோட்டில் எழுதி, அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வேலை. தரைப்பாலத்தை ஒட்டிய தூணில் அளவுக்கோடு போட்டிருக்கும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஒரே அளவுதான். அதையே எழுதிக் கை வலிப்பானேன் என்று ‘மேற்படி’ போட்டுவிடுவேன். சோம்பேறிக்கு அதைவிடச் சௌகரியமான சொல் தமிழில் கிடையாது.

என்னையும் ஒரு மனிதனாக மதித்து அளவு கேட்டவன் பால்காரன் சுடலையாண்டி ஒருவன்தான். சாரல் காலத்தில் பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடும். கலங்கல் தண்ணீரில் ஆழம் கண்ணுக்குப் பிடிபடாது. அக்கரையில் வண்டியில் கேனைக் கட்டியதும் போன் போடுவான்.

“அண்ணாச்சி, எறங்கலாமா?”

போன ஆனியில் ஒருநாள் எனக்கு இருமல். போர்வைக்குள் கிடந்தபடியே மேற்படி எழுதி அனுப்பிவிட்டேன். போன் வந்தது.

“மேற்படிதாம்லே, வா” என்றேன்.

பிறகுதான் வாட்ஸ்அப்பைப் பார்த்தேன். மலையில் ராத்திரி முழுக்கப் பேய்மழை, குற்றாலத்தில் குளிக்கத் தடை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தூணில் ஒரு கோடும் தெரியவில்லை. மறுநாள் அவன் உடம்பு கிடைத்தது. வண்டி கிடைக்கவில்லை, போனும் ஆற்றோடு போய்விட்டது.

பதினாறாம் நாள் விசேஷத்தில் அவன் பெண்டாட்டி பேராச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஒங்களக் கேக்காம ஒருநாளும் எறங்க மாட்டாவளே அண்ணாச்சி. அன்னைக்கு கேக்கலியா?”

அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். வாய் வேறொன்று சொன்னது.

“கேக்கலியே தாயி.”

“பாவி மனுசா, அன்னைக்குன்னு அப்படி என்ன அவசரம் ஒமக்கு?” என்று செத்தவனைத் திட்டித் திட்டி அழுதாள். நான் பந்திக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் காய்ச்சல் என்றாலும் ஆற்றுக்குப் போய்விடுகிறேன். குனிந்து பார்த்து, எண்ணைத்தான் எழுதுகிறேன். நோட்டில் ஒரு மேற்படி கிடையாது.

பேராச்சியை ரேஷன் கடையிலோ பஸ்ஸிலோ பார்த்துவிட்டால் மட்டும் ஒதுங்கப் பார்ப்பேன். இன்னும் ஆறவில்லை அவளுக்கு.

“நெசமாவே கேக்கலியா அண்ணாச்சி?” என்பாள்.

என் பதில் மேற்படி.