முன்கொம்பில் மினோரி

"மினோரி ரொம்ப உயரம். முன்கொம்புல அவ நின்னா பல்லக்கு சாஞ்சுடும்" என்றார் எங்கள் பேட்டையின் விழாக் கமிட்டித் தலைவர் ஹிராபயாஷி. குரலில் தேன் ஒழுகியது.

அந்தந்த வருடம் இருபது வயது நிறைகிற பிள்ளைகள்தான் சாமிப் பல்லக்கின் முன்கொம்பைத் தூக்க வேண்டும். அது எங்கள் துறைமுகத்து வழக்கம். என் மகள் மினோரிக்கு இந்த வருடம் இருபது. பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்தே இதற்காகக் காத்திருந்தாள். போன வருடம் தூக்கிய ரொட்டிக்கடைப் பையனும் நெட்டைக்கொக்குதான். அவனை யாரும் அளந்து பார்க்கவில்லை.

மினோரியின் அப்பா ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்காரர், படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். மகள் நிறத்தில் அவரை உரித்து வைத்திருக்கிறாள், வாயில் என்னை. உயரம் ஒரு சாக்கு என்று கூட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள் ஊரில் 'நீ வேற்று ஆள்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட மாட்டார்கள். நாற்காலி போட்டு, உபசாரம் செய்து சொல்வார்கள்.

"விருந்தாளிப் பந்தல்ல அவளுக்கு இடம் போட்டிருக்கோம். வெளிநாட்டு மாணவங்க எல்லாம் அங்கதான். விசிறி, பார்லி டீ எல்லாம் உண்டு. பேச்சுத்துணையும் ஆச்சு."

பேச்சுத்துணையாம்! எங்கள் துறைமுகத்துப் பேச்சை விட்டால் அவளுக்கு வேறு பேச்சே வராது. எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மினோரி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரும்மா. நீ கத்தினா, டோஃபுக்கடைக்காரி மகளுக்குச் சண்டை போட்டு வாங்கிக் குடுத்தாள்னு ஆயிடும். நான் பாத்துக்கறேன்."

விழாவன்று காலை, பேட்டையின் கருநீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டை முறுக்கிக் கட்டிக்கொண்டு, நேரே முன்கொம்பருகே போய் நின்றாள். ஹிராபயாஷி ஓடி வந்தார்.

"விருந்தாளிங்களுக்கு அந்தப் பக்கம்மா."

"தலைவரே, ஒண்ணு கேக்கறேன். ஒரு மாசக் குழந்தையா இருந்தப்ப உங்களை எந்தச் சாமி முன்னாடி கிள்ளினாங்க?"

பிறந்த பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்க் கிள்ளி அழவைப்போம். அந்த அழுகுரலைக் கேட்டுத்தான் சாமி அதைத் தன் பிள்ளையென்று தெரிந்துகொள்ளும்.

"என்னையா? அது... ஒசாகாவுல."

"என்னை இந்தப் படியில வெச்சுக் கிள்ளினாங்க. நான் அழுத அழுகையில பூசாரி மேளத்தையே நிறுத்திட்டாராம். அதோ நிக்கறார், கேளுங்க."

"நிறுத்தினேன். அப்படியொரு தொண்டை" என்றார் பூசாரி, சிரிக்காமல்.

"அப்ப இங்க விருந்தாளி யாரு தலைவரே? பந்தல்ல பார்லி டீ இருக்காம், போய்க் குடிங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஹிராபயாஷி காது வரை சிவந்து தரையைப் பார்த்தார். நானாக இருந்தால் அதோடு விட்டிருக்க மாட்டேன். மினோரி குரலைத் தணித்தாள்.

"சும்மா சொன்னேன். வந்து பின்கொம்பைப் பிடிங்க. இத்தனை வருஷமா எங்ககூட இருக்கீங்க, நீங்களும் எங்க ஆளுதான்."

அவர் பின்னால் போய்க் கொம்பைப் பிடித்தார். வெளியே தள்ளப் பார்த்தவருக்கு என் மகள் உள்ளே இடம் கொடுத்துவிட்டாள்.

பல்லக்கு எழுந்தது. உயரத்தைப் பற்றி அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. பாரம் மொத்தமும் மினோரியின் தோளில் இறங்கியது. முழங்காலை மடக்கிக் குனியப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அரிசிக்கடை தெப்பெய் கத்தினான்.

"ஏய், நீ குனியாத! இறக்குங்கடா ஒரு தரம். மத்த எல்லாரும் துண்டை மடிச்சுத் தோள்ல வைங்க!"

இறக்கினார்கள். முன்வரிசையில் மற்றப் பிள்ளைகள் தலைத்துண்டை அவிழ்த்து, மடித்துத் தோளில் அடுக்கினார்கள். மறுபடி தூக்கியபோது கொம்பு மட்டமாக நின்றது. "வஷ்ஷோய்!" என்று மினோரி குரல் கொடுக்க, தெருவே பதில் கொடுத்தது. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பெற்றவள் நிமிர்ந்து நடந்தாள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஏறட்டுமே.