மொட்டை மாடிக் கம்பத்தை நான் தொடவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது; போன மாதம் சொன்னது.

மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நிலச்சரிவைக் கண்காணிக்கும் என் தங்கையின் அலுவலகம் ஒரு கம்பம் நட்டிருக்கிறது. அதன் உச்சியிலுள்ள ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள்களை வைத்து, சரிவு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அவள் திரைக்கு அனுப்பும். நான் அதில் துணி காயப்போடக் கொடி கட்டினேன். ஈரப் போர்வையின் கனத்தில் கம்பம் சாய்ந்தது. மலை நகர்கிறதென்று அபாயச் சங்கு ஊதியது; நாற்பது வீட்டாரும் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தார்கள். தங்கை கேட்டபோது இரண்டு முறை தொடவில்லை என்றேன். மூன்றாவது முறைதான் வாயிலிருந்து உண்மை வந்தது. அலுவலகத்தில் அவள்தான் தலைகுனிந்து நின்றாள்.

2

(தொடக்கம்: "மலை ஒரு மிருகம்போல மூச்சு..." வேண்டாம். மலை மூச்சு விடாது. இறங்கும்.)

இன்று மதியம் இரண்டு மணிக்குத் தங்கையின் போன் வந்தது. காலையிலிருந்து பத்தொன்பது மில்லிமீட்டர்.

"அண்ணா, கம்பத்துல ஏதாவது கட்டினியா?"

"தொடலை."

மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னாள். கொடி இல்லை, போர்வை இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. (காக்கை பற்றி நிச்சயமில்லை. எழுதும்போது சேர்ந்துகொண்டது. இந்தப் பழக்கம்தான் என் வினை.) தொடவில்லை என்று இரண்டாவது முறையும் சொன்னேன்.

3

தங்கையைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவள் பயந்திருந்தாள். சரிவில் இருப்பது இந்த ஒரு கருவிதான். ஆட்கள் வந்து சோதிக்க இரண்டு மணி நேரமாகும். இன்னொரு முறை வெறுமனே சங்கு ஊதினால், அடுத்த சங்குக்கு யாரும் அசைய மாட்டார்கள். ஊதாமல் விட்டு, மலை...

(அடிக்குறிப்பு: இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு விரல் அகல நகர்வைப் பிடித்துவிடுகிறார்கள். நகர்ந்தது மலையா, நான் கட்டிய கயிறா என்பதற்கு மட்டும் என் வாயை நம்ப வேண்டியிருக்கிறது.)

"இருபத்திமூணு ஆயிடுச்சு. மூணாவது தடவையா கேக்கறேன்ணா."

"தொடலை. சத்தியமா."

பிறகு வேறொன்று கேட்டாள்.

"அண்ணி எங்க?"

"நீ முதல்ல போன் பண்ணப்பவே பாப்பாவ தூக்கிட்டுக் கிளம்பச் சொல்லிட்டேன்."

"நீ ஏன் போகல?"

"கம்பத்துகிட்ட யாராவது நிக்கணும்ல. இல்லன்னா நீ எப்படி நம்புவ?"

4

முடிவு ஒன்று: சங்கு ஊதுகிறது. முடிவு இரண்டு: மலை அப்படியே நிற்கிறது, ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. முடிவு மூன்று... அடித்துவிட்டேன்.

மறுமுனையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அது நிச்சயம். அதற்கு மேல் எழுதினால் அது நான் கட்டும் கதை.

அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். சங்குக்கான பொத்தான் வலது கைப்பக்கம் இருக்கிறது. காக்கை விஷயத்தில் உங்களிடமும் பொய் சொன்னவன்தான் நான். கம்பத்தை நான் தொடவில்லை.