கிங்கோ கொட்டும் காலை

ஸ்வர்ணா நான்கு வருடம் இலைக்காம்புகளை ஆராய்ந்தவள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் அவள் எழுதிய ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க கிங்கோ மரம்தான். ஆனால் அந்த மரம் ஒரே காலையில் அத்தனை இலைகளையும் கொட்டிவிடுவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நவம்பர் இருபதாம் தேதி அவளுக்குக் கோவைக்கு விமானம். விசாவும் அத்தோடு முடிகிறது.

போன வருடமே பார்த்திருக்க வேண்டியது. கெடுத்தவன் பிரதாப்.

பிராங்பேர்ட்டில் ஐடி வேலை பார்க்கும் பிரதாப்தான் தமிழ்ப் புகைப்படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவன். வேன் எடுப்பதும் நேரம் குறிப்பதும் அவனே. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஆறு என்று போடுவான், எல்லோரும் தாமதமாகத்தான் வருவார்கள் என்று. அவன் ஒரு மணி நேரம் முன்தள்ளிச் சொல்வது எல்லோருக்கும் தெரியுமாதலால் ஏழையும் தாண்டி எட்டுக்கு வருவார்கள். போன நவம்பரில் அப்படித்தான் ஓடன்வால்ட் மலைப்பகுதியில் ஒரு கிராமத்துக் கிங்கோவை அடைந்தபோது மணி பத்தரை. மரம் மொட்டை. அடியில் மஞ்சள் ஜமுக்காளம் விரித்ததுபோல் இலைகள். பிரதாப் இலைகளின்மேல் படுத்துப் படமெடுத்தான்.

"மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? கலர் அதேதானே" என்றான். அந்தப் படம் தமிழ்ச் சங்கத்து நாட்காட்டியின் அட்டையாயிற்று.

இந்த அக்டோபரில், சிவந்த மேப்பிள் மரங்களைப் படமெடுக்கப் போன பயணமும் சொதப்பியது. போன வருடம் படம் நன்றாக வந்த அதே தேதியை பிரதாப் மறுபடியும் குறித்திருந்தான். மரம் நாட்காட்டி பார்ப்பதில்லை. மஞ்சள் நிறம் கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருப்பது, பச்சை விலகியதும் தெரிகிறது, அவ்வளவுதான். சிவப்பு அப்படியல்ல. இலை கடைசி நாட்களில் சர்க்கரையைக் கொண்டு புதிதாகச் செய்யும் நிறம் அது. அதற்குப் பகலில் வெயில் வேண்டும், இரவில் குளிர் வேண்டும், ஆனால் உறையக் கூடாது. இந்த வருடம் கோடையில் மழையில்லாமல் பாதி இலைகள் கருகின. மீதிக்கு இரண்டு வாரம் மூடிய வானம். மேப்பிள்கள் துருப்பிடித்த தகரம்போல நின்றன. ஸ்வர்ணா இதை இரண்டு முறை குழுவில் எழுதியிருந்தாள். திரும்பி வந்ததும் பிரதாப் எழுதினான்: 'சயின்டிஸ்ட் மேடம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.' கீழே பதினோரு சிரிப்புப் பொம்மைகள்.

நவம்பர் இரண்டாம் வாரம் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்ததும் அவனையே அழைக்க வேண்டியதாயிற்று. விடிவதற்குள் அந்தக் கிராமத்துக்குப் பேருந்து கிடையாது. அவளுடைய கோவை ஓட்டுநர் உரிமம் இங்கே முதல் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். வெள்ளி இரவு மேகமில்லை, காற்றில்லை, ஆகவே நிலம் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடும், குளிர்ந்த காற்று தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கி அந்தக் கிராமம் இருக்கும் பள்ளத்தில் தேங்கும், முதல் கடும் உறைபனி அங்கே விழும் என்று பொறுமையாக விளக்கினாள். சனி காலை ஆறரைக்கு டார்ம்ஸ்டாட் ரயில் நிலைய வாசலில் வேன் நிற்க வேண்டும் என்றாள்.

"மரம் என்ன உங்க ப்ரொஃபசரா? கரெக்ட் டைமுக்கு வரலைன்னா கோச்சுக்குமா?"

"ஆறரைன்னா ஆறரைதான் பிரதாப். நான் முன்னாடி தள்ளிச் சொல்லல."

அவன் சிரித்தான். அவனைப் பொறுத்தவரை நேரம் சொல்கிற எவரும் முன்தள்ளித்தான் சொல்வார்கள்.

சனிக்கிழமை ஆறரைக்குப் புல்லெல்லாம் வெள்ளை. வாசலில் வந்து நின்றது யதுசாவின் சின்ன கார் மட்டும். குழுவில் அவள் ஒருத்திதான் இந்த நாட்டிலேயே, வுப்பர்டால் நகரில் பிறந்த ஈழத்துப் பெண். மத்தியானம் அங்கே பெற்றோர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் தன் காரிலேயே வந்திருந்தாள். ஸ்வர்ணா பிரதாப்பை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வந்துட்டே இருக்கோம், ஆட்டோபான்லதான்" என்றான். நெடுஞ்சாலையில் இருப்பதாகச் சொன்னவன் குரலுக்குப் பின்னால் குக்கர் விசிலடித்தது.

"அக்கா, அவர் இன்னும் குசினியிலதான் நிக்கிறார்" என்றாள் யதுசா. "ஏறுங்கோ."

அது அவன் காதிலும் விழுந்தது. குழுவை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பிறகு குழுவிலேயே இருக்க வேண்டாம் என்றான். ஸ்வர்ணா காரில் ஏறினாள்.

மரம் முழு மஞ்சளாக, அசையாமல் நின்றது. மற்ற மரங்களில் காம்புகள் ஒவ்வொன்றாக வெட்டுப்படும், வாரக்கணக்கில் உதிரும். கிங்கோவில் எல்லாக் காம்புகளின் அடியிலும், இலையைக் கிளையிலிருந்து பிரிக்கும் வெட்டுப்படலம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருவாகிவிடுகிறது. அதன்பின் இலை ஒட்டிக்கொண்டிருப்பது பெயருக்குத்தான். உறைபனி அந்த மிச்ச நூலையும் அறுத்துப் பனிக்கட்டியால் ஒட்டி வைக்கிறது. வெயில் பட்டு அது உருகினால் போதும்.

ஏழே முக்காலுக்கு உச்சிக்கிளையில் வெயில் பட்டது. ஓர் இலை விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. காற்றே இல்லாமல் நேராக, லேசான மழைச் சத்தத்துடன் கொட்டின. ஸ்வர்ணா கேமராவை முக்காலியில் நிறுத்திப் பதிவை ஓடவிட்டு, வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதுக்கு முன் முடிந்துவிட்டது.

ஒன்பதே காலுக்கு வேன் வந்தது. பிரதாப் இறங்கி மரத்தைப் பார்த்தான். மூன்று பேரைக் கூட்டி வந்திருப்பதாகவும், இவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்றும் கத்தினான். வீடியோவைக் குழுவுக்கு அனுப்பு, நாட்காட்டி அட்டைக்கு அதிலிருந்து ஒரு படம் எடுக்கிறேன் என்றான். இதுவரை 'நீங்க' என்று பேசியவன்.

"எதுக்கு? மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?" என்றாள் ஸ்வர்ணா. "கீழ இருக்கு பாருங்க. படுத்து எடுங்க."

அவன் அங்கேயே நின்று கைபேசியைத் தட்டினான். பிரதாப் உங்களை நீக்கிவிட்டார் என்று அவள் திரையில் வந்தது. யதுசா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கைபேசியைத் திறந்தாள்.

"என்னையும்தான் அக்கா" என்றாள்.

வேனில் வந்தவர்கள் எலுமிச்சைச் சாதத்தைத் திறந்தார்கள். இவர்களை யாரும் கூப்பிடவில்லை. காருக்குத் திரும்பியபோது கண்ணாடித் துடைப்பானில் ஓர் இலை சிக்கியிருந்தது. ஸ்வர்ணா அதை எடுத்து, ஆய்வுக்கூடத்துப் பழக்கத்தில், காம்பின் நுனியை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது. பிய்ந்த அடையாளமே இல்லை. பல நாட்களுக்கு முன்பே அறுபட்டது அது.